டெலீனா: லிச்சி ஓய்ந்த பிறகு வரும் ரோஜா

"ரோஜா பெர்ஃப்யூம்னு சொன்னாங்க, அடிச்சுப் பார்த்தா லிச்சி ஜூஸ் வாசனை வருதே?" பார்ஃப்யூம்ஸ் டி மார்லி என்ற பிரெஞ்சு பெர்ஃப்யூம் நிறுவனத்தின் டெலீனாவைக் கடையில் முகர்ந்தவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். காகிதப் பட்டையில் அடித்து ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டினால் அப்படித்தான் தோன்றும். 2017-இல் வாசனைக் கலைஞர் குவென்டின் பிஷ் உருவாக்கிய இந்த வாசனையில் ரோஜா வெளிப்பட அரை மணி நேரமாவது ஆகும். அதுவும் தோலில் அடித்துப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் லிச்சி, ருபார்ப், பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழம், கொஞ்சம் ஜாதிக்காய். ருபார்ப் நம் சமையலில் இல்லாத தண்டு. புளிச்சக்கீரையின் பச்சைப் புளிப்பை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய பிடிபடும். லிச்சியின் இனிப்பு திகட்டாமல் இருப்பது இந்தப் புளிப்பால்தான். லிச்சி எங்கே முடிந்து ரோஜா எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாததற்கு வேதியியல் காரணமும் உண்டு: ரோஸ் ஆக்ஸைடு என்ற மூலக்கூறு இரண்டின் இயற்கை மணத்திலும் இருக்கிறது.

நடுப்பகுதியில் வருவது துருக்கி ரோஜாவும் பியோனி என்ற பூவும். பன்னீர் வாசனையை எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். பன்னீரின் மணம் பெரும்பாலும் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால். ரோஜாவை நீராவியில் வடிக்கும்போது அது தண்ணீரில் கரைந்துவிடுவதால் பன்னீரில் நிறையவும் ரோஜா எண்ணெயில் குறைவாகவும் இருக்கும். டெலீனாவில் அந்தப் பன்னீர்க் குளிர்ச்சியும் இல்லை, அத்தரில் வரும் தேன் கனமும் இல்லை. கழுவித் துடைத்த, பளிச்சென்ற ரோஜா. பியோனிப் பூவிலிருந்து வாசனைத் தொழிலுக்குப் பொதுவாக எண்ணெய் எடுப்பதில்லை. பெர்ஃப்யூமில் வரும் பியோனி மூலக்கூறுகளால் கட்டப்பட்டது. இங்கே அந்த வேலைக்குப் பெட்டாலியா என்ற பொருள் பயன்படுகிறது. செயற்கை என்று முகம் சுளிக்க வேண்டாம், இதன் பளபளப்பே அதில்தான் இருக்கிறது.

நாலு மணி நேரத்துக்குப் பிறகு மஸ்க் (கஸ்தூரி மணம்), காஷ்மெரான் என்ற மரமும் மஸ்க்கும் கலந்தாற்போன்ற செயற்கை மணப்பொருள், வெனிலா. பட்டியலில் வெட்டிவேரும் குந்திரிக்கமும் உண்டு, ஆனால் தேடினாலும் தனியாகத் தட்டுப்படாது. இந்தக் கட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் தனித்துவம் குறைவு. பணம் கொடுப்பது முதல் நாலு மணி நேரத்துக்குத்தான்.

"மதியத்துக்குள் போய்விட்டது" என்ற புகாரை அப்படியே நம்ப வேண்டாம். சிலருடைய மூக்கு சில மஸ்க் வகைகளை உணராது. மற்றவர்களுக்கும் ஒரே மணத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். இந்த நிலையில் மேலும் அடித்தால் அவதிப்படுவது பக்கத்து இருக்கைக்காரர். கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்.

ஏசி அலுவலகத்துக்கு இரண்டு ஸ்ப்ரே போதும். வெயிலில் ஒன்றே ஒன்று, அதுவும் துணிமேல்: உடல் சூட்டில் பழப் புளிப்பு சீக்கிரம் பறந்து, இனிப்பு மட்டும் பெரிதாக நிற்கும். மாலை நேரத் திறந்தவெளி விசேஷம் என்றால் மூன்று. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து அடித்தால் துளியாகத் தெறிக்காது. பட்டுப்புடவைமேல் நேரடியாக வேண்டாம், கறை விழலாம். தோல் வறண்டிருந்தால் முதலில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளுங்கள். மணிக்கட்டுகளைத் தேய்க்காதீர்கள், சூட்டில் தொடக்க மணங்கள் சீக்கிரம் போய்விடலாம்.

போலிகள் ஏராளம். பெட்டியிலும் பாட்டிலின் அடியிலும் உள்ள பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தினால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, பொருந்தாவிட்டால் வாங்கவே வேண்டாம். சில போலிகளில் லிச்சி சரியாக வந்துவிடும், ரோஜா வரவேண்டிய நேரத்தில் சோப்பு வாசனை வரலாம்.

ஒரு அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. என்று வைத்தால், 75 மி.லி. பாட்டில் தினம் இரண்டு ஸ்ப்ரேக்கு ஓராண்டு வரும். குளியலறையில் வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் பட்டால் முதலில் மங்குவது பெர்கமாட். இளஞ்சிவப்புப் பாட்டிலுக்குள் எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரியாது. வாங்கிய அன்றே சமையல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெர்ஃப்யூம் தண்ணீரைவிட லேசானது என்பதால், 40 கிராம் குறைந்திருந்தால் ஏறக்குறைய 50 மி.லி. தீர்ந்துவிட்டது.