பக்கத்து ஊருக்கு விமானமா, ரயிலா?

300 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்கு விமானம் வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்றிருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. மணிக்கு 800 கி.மீ. வேகமெல்லாம் இங்கே எடுபடாது. ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். அப்புறம் விமான நிலையம் போய்ச் சேர்வது, பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்காக நிற்பது என்று கூட்டிப் பார்த்தால் நாலு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

ரயில் வளைந்து போவதால் தூரம் கூடுதல்தான். ஆனால் பெரும்பாலும் ஊர் நடுவிலேயே ஏறி, ஊர் நடுவிலேயே இறங்கலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

நடுவில் கடல் இருந்தால் சரி, விமானம். ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கி.மீ.தான், விமானம் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடும்.