பஸ்ஸில் கேட்கும் ஆறு நிமிட ஆங்கிலம்

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்களோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களோடு, ஆர்டர் பேசும் வேலை. மெயில் எழுதிவிடுவேன். போன் வந்தால்தான் தொண்டை அடைக்கும். ஒரு பையர் 'பால்பார்க் ஃபிகர்' கேட்டபோது அப்படியே நின்றுவிட்டேன். உத்தேசமாக என்ன விலை வரும் என்பதைத்தான் கேட்டிருக்கிறார். பேஸ்பால் ஆட்டத்திலிருந்து அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்ட பேச்சு அது.

அதற்கு முன்பே ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு மூன்று மாதம் போயிருந்தேன். இப்படிப்பட்ட தொடர்களை வரிசையாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

இப்போது எட்டு மாதமாக பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' கேட்கிறேன். காசு கிடையாது. 1943-லேயே ரேடியோவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர்கள். இரண்டு பேர் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, விடையைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். புதுச் சொல் பேச்சோடு பேச்சாக வரும், அங்கேயே விளக்கம், முடிவில் ஆறு சொற்களையும் மறுபடி ஒரு சுற்று. பேச்சுக்குள்ளேயே கேட்பதால்தான் மனதில் தங்குகிறது.

அவிநாசியில் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் ஒரே எபிசோடை மூன்று தடவை கேட்பேன். முதலில் சும்மா. அடுத்து, அவர்களே தரும் எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்றாவது, கூடவே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு. 'எ பிட் அண்டர் த வெதர்' என்றால் உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை என்று அர்த்தம். தாளில் ஐந்து சொல். காதில் 'எபிட்டண்டர்தவெதர்' என்று ஒரே சொல்லாக ஓடிவிடும். இந்த ஒட்டலை எந்த ஜெராக்ஸும் எனக்குக் காட்டவில்லை.

நேரம் இல்லாத நாளில் அவர்களுடைய 'தி இங்கிலீஷ் வீ ஸ்பீக்' போதும், எபிசோடுக்கு ஒரே தொடர்தான்.

ஆனால் எல்லா விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கும். எளிய வாக்கியம்கூடப் பிடிபடாதவர்கள் முதலில் வேறு எங்காவது அடிப்படையைக் கற்றுக்கொண்டு வருவது நல்லது. பிரிட்டிஷ் வாடையும் உண்டு. கிரிக்கெட்டில் பிறந்த 'நாக்ட் ஃபார் சிக்ஸ்' என்பது நிலைகுலைந்து போவதைச் சொல்லும். லண்டன் பையரிடம் தாராளமாகச் சொல்லலாம், நியூயார்க் பையரிடம் சொல்லும் முன் யோசியுங்கள்.

போன வாரம் ஒரு பையர் 'ஸ்னோட் அண்டர்' என்றார். வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று அர்த்தம். லேப் டிப் அப்ரூவல், அதாவது சாயமேற்றிய மாதிரித் துணியின் நிறத்துக்கு அவர் தரும் சம்மதம், தாமதமாகும் என்பது அந்த நொடியே புரிந்தது. போனை வைக்கும் முன்பே டெலிவரி தேதியை நான்கு நாள் தள்ளி வாங்கிவிட்டேன்.