ஒரே ஆள், இரண்டு செயற்கை முட்டிகள்: ஏழு வருஷத்துக்குப் பிறகு

கும்பகோணத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் முப்பத்தொரு வருஷம் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை பிரித்துக் காட்டியவன் நான். "அந்த மேல் தட்டுல இருக்கிற அரக்கு கலர்" என்று யாராவது விரல் நீட்டினால் எழுந்திருக்க வேண்டும். நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை. வலது முட்டியை 2018 பிப்ரவரியிலும் இடது முட்டியை 2021 நவம்பரிலும் மாற்றிக்கொண்டேன். இரண்டிலும் இருப்பது ஒரே வகை மூட்டுதான். ஆனால் இடது கால் நடக்கிறது, வலது கால் அதன் கூடவே வருகிறது. வித்தியாசம் ஒரு தலையணையால் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். தைலம், முட்டி உறை, பிசியோ, ஆறு கிலோ எடைக் குறைப்பு, முட்டிக்குள் போடும் ஜெல் ஊசி. எடை குறைந்ததுதான் உண்மையில் உதவியது. ஊசி எனக்கு நாலு மாசம் தாங்கியது, அவ்வளவுதான். கால் வில்லாக வளைந்து, ராத்திரி படுத்தாலும் வலி நிற்காத நிலை வந்தபோது டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, "உள்பக்கம் இடைவெளியே இல்லை பாருங்க, எலும்பும் எலும்பும் உரசுது" என்றார்.

பாதி மூட்டு மாற்று என்று ஒன்று உண்டு. முட்டியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்களும் நன்றாக இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றுவார்கள். வெட்டு சின்னது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். இடது காலுக்கு அதைக் கேட்டுப் பார்த்தேன். முட்டிச்சில்லுக்கு அடியிலும் தேய்ந்திருந்ததால் முழுசாக மாற்றுவதே நல்லது என்றார்கள். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி முழு முட்டி மாற்றில் சுமார் 82 சதவீதம் 25 வருஷம் தாங்குகிறது, பாதி மாற்றில் 70 சதவீதம். அறுபது வயதை நெருங்கியவனுக்கு இந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது.

இரண்டாவது முறை ரோபோ வேண்டுமா என்று கேட்டார்கள். கூடுதல் பணம். ரோபோ தானாக ஆபரேஷன் செய்வதில்லை. எலும்பை எந்தக் கோணத்தில் எவ்வளவு வெட்டுவது என்பதில் டாக்டரின் கைக்குத் துணை நிற்கிறது. நான் வேண்டாம் என்றேன். வருஷத்துக்கு எத்தனை முட்டி செய்கிற டாக்டர் என்று விசாரிப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுக் கருவியின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டி விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது, ஜிஎஸ்டி தனி. ஆறு மாசம் வலியைப் பொறுத்துக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. ஆனால் அந்த வரம்பு கருவிக்கு மட்டும்தான். அறை வாடகை, தியேட்டர் சார்ஜ், மருந்து எல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், அதனால் மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் பெரியம்மா மகன் அண்ணனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் செய்தார்கள். நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

தியேட்டரில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். வலி துளியும் இல்லை, ஆனால் காது வேலை செய்தது. ரம்பம், சுத்தியல், திரும்ப ரம்பம். பக்கத்து வீட்டில் ஆசாரி நிலைக்கதவு செய்வது மாதிரி ஒரு சத்தம், அது நம் காலிலிருந்து வருகிறது. பயமாக இருந்தால் தூங்க வைக்கச் சொல்லுங்கள், வைப்பார்கள்.

இனி தலையணை. முதல் ஆபரேஷனில் ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள், அதில் மங்கலாக நாலு பயிற்சிப் படங்கள். வீட்டுக்கு வந்து பிசியோ யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. முட்டி லேசாக மடங்கியிருந்தால் வலி குறைவாக இருக்கும். என் மனைவி பாசத்தில் முட்டிக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்தாள். ஒன்றரை மாசம் அப்படியே தூங்கினேன். முட்டி அந்த மடங்கலிலேயே இறுகிவிட்டது. மூன்றாம் மாசம் ஒரு பிசியோ கோணமானியை வைத்துப் பார்த்து, நேராவதற்குப் பத்து டிகிரி குறைகிறது என்றார். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தியும் ஐந்துக்குக் கீழே வரவில்லை. ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். நேராகாத காலில் நின்றால் தொடைத்தசை ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாண சீசனில் சாயங்காலம் ஆனால் வலது தொடை கல்லாகிவிடும்.

இடது காலுக்கு வந்த பிசியோ நாகர்கோவில் பெண். ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலமே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகத் தலையணையைத் தூக்கி என் மனைவி கையில் கொடுத்தாள். "அம்மா, இத அப்பா தலைக்கு மட்டும் வைங்க." பிறகு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டு, தொடையை இறுக்கிக் கீழே அழுத்தச் சொன்னாள். பத்து எண்ணும்வரை. கண்ணில் தண்ணீர் வந்தது. "மடக்குறது பொறவு வரும்பா, மொதல்ல நீட்டணும்" என்பாள். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் வலி மாத்திரை, முடிந்ததும் ஐஸ். மூன்றாவது வாரம் கால் பலகை மாதிரி கட்டிலில் படிந்தது. மடங்குவதும் இடது 118 டிகிரி, வலது 105.

முதல் இரண்டு வாரம் ராத்திரிகள் கொடுமை. பதினான்காம் நாள் தையல் பின்னைக் கழற்றினார்கள், எறும்பு கடித்த மாதிரிதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தருவார்கள், விடாமல் போடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால். மூன்றாம் மாசம் அரைநாள் கடைக்குப் போனேன். முட்டியின் சூடு அடங்க எட்டு மாசம், அது என் முட்டி என்ற நினைப்பு வர ஒரு வருஷம் ஆனது.

ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை: வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை போட்டுவிடுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், எனக்கு அதனாலேயே மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். சொத்தைப் பல் இருந்தால் பார்த்துவிடுங்கள், அங்கிருந்து கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகலாம். மூட்டுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள்.

திரும்பி வராதவையும் உண்டு. தரையில் சம்மணம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெருமாள் முன்னால் விழுந்து கும்பிட முடியாது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லை. கொசு உட்கார்ந்து வயிறு சிவந்து பறந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. மாடிப்படியில் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது, பயமில்லை என்றார்கள். விமான நிலையத்தில் கதவு கூவும், செயற்கை மூட்டு என்று சொன்னால் தனியாகச் சோதித்து அனுப்புவார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி வருவதில்லை என்கிறார்கள். என் வலது கால் அந்த ஐந்தாவது ஆள்.

கடையில் முதலாளி எனக்கு உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். மெத்தையில் இப்போது இரண்டு பையன்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள், நான் மேலிருந்து விலை சொல்கிறேன். வரும் பிப்ரவரியில் வலது முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று பழைய பிலிமைத் தேடி பீரோ மேல் எடுத்து வைத்திருக்கிறேன்.