ஜப்பான் 1945, ஈராக் 2003: இரண்டு ஆக்கிரமிப்புகள்

இரண்டு நாடுகளையும் தோற்கடித்து ஆண்டது அமெரிக்காதான். ஆண்ட விதம்தான் வேறு.

ஜப்பானில் ஆக்கிரமிப்புப் படைகளின் தலைவரான அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர், பேரரசர் ஹிரோஹிட்டோவை விசாரணைக்கு இழுக்காமல் அரியணையிலேயே விட்டார். அதிகாரிகளில் பெரும்பாலோர் அதே நாற்காலியில் தொடர்ந்தார்கள். உத்தரவு மேலிருந்து வரும், நடத்தி முடிப்பது ஜப்பானியர்கள். படையைக்கூட அப்படித்தான் கலைத்தார்கள். பழைய ராணுவ, கடற்படை அமைச்சகங்களே பெயர் மாறி, வீரர்களை ஊருக்கு அனுப்பும் வேலையைப் பார்த்தன. அப்புறம் நிலச் சீர்திருத்தம் வந்தது. குத்தகைக்கு உழுதவர்களில் பலர் சொந்த நிலக்காரர்கள் ஆனார்கள். பசியும் கள்ளச்சந்தையும் இருந்தன, உண்மைதான். ஆனால் 1952-இல் ஆக்கிரமிப்பு முடியும்வரை ஆயுதக் கலகம் எதுவும் மூளவில்லை.

ஈராக்கில் அமெரிக்கா அமர்த்திய நிர்வாகி பால் பிரெமர் 2003 மே மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு உத்தரவுகள் போட்டார். ஒன்று, அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தாரை அரசு வேலையிலிருந்து நீக்கியது. மற்றொன்று ராணுவத்தையே கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் சம்பளமில்லாமல் தெருவில் நின்றார்கள்.

பிறகு அங்கே மூண்ட ஆயுதக் கலகத்துக்குப் பழியெல்லாம் பிரெமருக்கே என்று சொல்ல மாட்டேன். டோக்கியோவில் சரணடைய ஓர் அரசு இருந்தது. பாக்தாதில் அரசே கலைந்து, அமைச்சகங்கள் சூறையாடப்பட்டிருந்தன. சரி, சம்பளத்தையாவது நிறுத்தாமல் இருந்திருக்கலாமே? முன்னாள் வீரர்கள் போராட்டத்தில் இறங்கிய பிறகுதான் உதவித்தொகை அறிவிப்பே வந்தது.