நீக்கிய விருப்பத்தேர்வை யாரேனும் கேட்டால்

கட்டளை வரி நிரலிலிருந்து ஒரு விருப்பத்தேர்வை (நிரலின் நடத்தையை மாற்ற, கட்டளையோடு '--' போன்ற குறியிட்டுத் தரும் சொல்லை) நாம் நீக்கிய பின்னும், பழைய ஸ்கிரிப்டுகள் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்: சுவடே இல்லாமல் அழித்துவிடுவது, பெயரை ஏற்றுக்கொண்டு எதுவும் செய்யாமல் விடுவது, மாற்று எது என்று சொல்லிப் பிழையோடு நிறுத்துவது.

அழித்துவிடுவது நிரலெழுதுபவருக்கு எளிது. ஆனால் "அறியாத விருப்பத்தேர்வு" என்ற செய்தியைக் காண்பவர், தாம் எழுத்துப்பிழை செய்துவிட்டோமோ என்றுதான் முதலில் தேடுவார். அந்தப் பிழைகூட எப்போதும் வருவதில்லை. விருப்பத்தேர்வுகளைப் படித்துப் பிரித்துத் தரும் குனூவின் கெட்ஆப்ட்_லாங் என்ற செயற்கூறு, நீண்ட பெயரின் தொடக்கப் பகுதி வேறெதனோடும் குழம்பாத வரை அதை முழுப்பெயராகவே எடுத்துக்கொள்ளும். மதிப்பு ஏதும் கேட்காத '--சார்ட்' நீக்கப்பட்டு, மதிப்பு கேட்கும் '--சார்ட்-பை' மட்டும் எஞ்சியிருந்தால், பழைய கட்டளை அதைப் பற்றிக்கொண்டு, அடுத்து வரும் கோப்பின் பெயரையே மதிப்பாக விழுங்கிவிடும். பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யும் ஆர்க்பார்ஸும் இயல்பில் இப்படித்தான் நடந்துகொள்கிறது. இதை அணைக்கும் வசதி 3.5 பதிப்பில்தான் வந்தது.

புறக்கணிப்பதற்கு, ஜாவா நிரல்களை இயக்கும் ஹாட்ஸ்பாட் நல்ல சான்று. 2014இல் வந்த ஜாவா 8, பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதியையே எடுத்துவிட்டதால், அதன் அளவுக்கு வரம்பிடும் 'மேக்ஸ்பெர்ம்சைஸ்' விருப்பத்தேர்வைக் கொடுத்தால் எச்சரித்துவிட்டுத் தொடர்ந்து இயங்கியது. 2021இல் வந்த ஜாவா 17 தொடங்கவே மறுத்தது. வரம்பு விதிக்க அந்தப் பகுதியே இல்லாதபோது வரம்பைப் புறக்கணிப்பதால் விடை மாறாது என்பதால், அங்கே புறக்கணித்தது சரியான முடிவு. (ஏழாண்டு எச்சரிக்கையை யாரும் படிக்காதது வேறு கதை.) ஆனால் கோப்புகளை அழிக்கும் நிரல் ஒன்று தன் ஒத்திகை விருப்பத்தேர்வை (எதையும் அழிக்காமல், எவை அழியும் என்று மட்டும் காட்டுவதை) இதேபோல் புறக்கணித்தால், எச்சரிக்கை கண்ணில் படுமுன் கோப்புகள் போயிருக்கும்.

ஆகவே வேகத்தையோ நினைவகத்தையோ மட்டும் தொடும் விருப்பத்தேர்வைச் சில பதிப்புகளுக்குப் புறக்கணிக்கலாம். விளைவை மாற்றுவது எதுவாயினும் மூன்றாம் வழியே தகும் என்பது என் கருத்து. அதற்கு ஆகும் செலவு, நிரலில் உள்ள விருப்பத்தேர்வுகளின் அட்டவணையில் ஒரு வரியும் ஒரு நல்ல வாக்கியமும் மட்டுமே.

உதவி உரையில் நீக்கியவற்றுக்கு இடம் தர வேண்டியதில்லை. ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பியின் (கம்பைலர்) உதவிப் பட்டியலில் "எதுவும் செய்யாது, பழைய பயன்பாட்டுக்காக வைக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் வரும் வரிகள், தேடுபவரின் கண்ணைத்தான் சோர்வடையச் செய்கின்றன. மேலும், கட்டளைகளை ஏற்று இயக்கும் பாஷில், தட்டச்சிடும் பெயரை நிறைவுசெய்து தரும் தானியங்கி நிரப்பிகளில் சில உதவி உரையைப் படித்தே பரிந்துரைப்பதால், செத்த பெயர்கள் அங்கே உயிர்பெறும். நிரல் மாற்றங்களைப் பதிப்புகளாகப் பேணும் கிட், தான் மறைத்து வைத்தவற்றை '--ஹெல்ப்-ஆல்' கேட்டால் மட்டும் காட்டுகிறது. கணினியையே மென்பொருளாகப் போலச்செய்யும் க்யூஎமு, நீக்கப்பட்டவற்றுக்கென ஆவணத்தில் தனிப் பக்கமே வைத்து, மாற்று உள்ளவற்றுக்கு அதையும் குறிப்பிடுகிறது.

ஓரெழுத்து விருப்பத்தேர்வுகளுக்கு மூன்றாம் வழியால் இன்னொரு பயனும் உண்டு: பெயர் அட்டவணையிலேயே இருப்பதால், அந்த எழுத்து காலியாக இருக்கிறதென்று எண்ணி வேறொருவர் அதற்குப் புதுப்பொருள் கொடுத்துவிட மாட்டார்.