தாடையா, முள்ளெலும்பா? புதைபடிவப் பல்லிகளை எதை வைத்து அடையாளம் காண்பது

பல்லி, ஓணான், உடும்பு வகையறாக்களின் எலும்புக்கூடு முழுதாகக் கிடைப்பது அபூர்வம். மண்ணைச் சலித்தால் தேறுவது பெரும்பாலும் உடைந்த தாடையும் உதிரி முள்ளெலும்புகளும்தான்.

ஆய்வாளரின் கை முதலில் தாடைக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. பல் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஓணான், பச்சோந்தி குடும்பங்களில் பெரும்பாலான பற்கள் தாடையின் விளிம்பிலேயே எலும்போடு எலும்பாக இணைந்திருக்கும். விழுந்து முளைப்பதில்லை, தேய்ந்துகொண்டே போகும். இகுவானா, அரணை போன்றவற்றில் பற்கள் தாடையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். பழையது விழ, புதியது முளைக்கும். நியூசிலாந்தில் வாழும், பல்லிபோலத் தோன்றும் ஊர்வனமான துவாட்டராவுக்கும் விளிம்புப் பற்கள்தான் என்பது ஒரு பொறி. அது பல்லியே அல்ல. அதன் உறவினங்களோ, 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய டிரையாசிக் காலத்தில் ஏராளம்.

தாடையை நம்பியதால் வந்த வினை என்று பலரும் காட்டுவது டிக்கிகுவானியாவை. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறை அடுக்கில் கிடைத்த சிறு கீழ்த்தாடைக்கு 2006இல் சூட்டிய பெயர் அது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பல்லி என்றார்கள். 2012இல் மார்க் ஹட்சின்சன் குழுவினர், அது இன்றைய ஓணான்களின் தாடையைப் போலவே இருப்பதைக் காட்டி, அண்மைக்கால எலும்பு பழைய படிவுகளோடு கலந்திருக்க வேண்டும் என்றார்கள். என் பார்வையில் இங்கே தாடை குற்றவாளி அல்ல. குடும்பத்தை அது சரியாகவே சொன்னது, சறுக்கியது வயதில்தான்.

முள்ளெலும்பின் கதை வேறு. உடும்பு என்றால் அது தாடைக்குச் சளைத்ததல்ல: பின்முனைக் குமிழுக்குச் சற்று முன்னால் எலும்பு இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். ஆஸ்திரேலியாவின் ராட்சத உடும்பான மெகலேனியாவுக்கு ரிச்சர்ட் ஓவன் 1859இல் பெயர் வைத்தது முள்ளெலும்புகளைக் கொண்டுதான். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அதே விலங்குக்குக் கொம்பு ஆமையின் மண்டையோட்டையும் பைப்பாலூட்டியின் கால் எலும்புகளையும் சேர்த்துவிட்டார்! வீட்டுப் பல்லியின் கூட்டத்தில் பலவற்றுக்கு முள்ளெலும்பின் இரு முனையும் குழிந்திருக்கும், அதுவும் உதவும். மற்றக் குடும்பங்களில் ஒரே ஒரு முள்ளெலும்பை வைத்துப் பேரினம் வரை போகிறவர்களை நான் நம்பமாட்டேன்.

முழு மண்டையோடும் ஸ்கேனும் இருந்தால் சிக்கல் தீர்ந்ததா? மியான்மர் அம்பரில், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினில், கிடைத்த ஒக்குலுடென்டாவிஸ் 2020இல் மிகச் சிறிய பறவை டைனோசராக அறிவிக்கப்பட்டது. ஸ்கேன் அப்போதே இருந்தது. ஆனால் தாடையின் உட்புறம் ஒட்டிய பற்களும், பல்லிகளுக்கே உரிய வடிவில் இருந்த கண்வளைய எலும்புகளும் வேறு கதை சொல்லின. சில மாதங்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2021இல் இரண்டாவது மாதிரி அதைப் பல்லி என்று உறுதிப்படுத்தியது.

எந்த எலும்பு என்பதைவிட எப்படி ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பெரிய தகராறு. அந்த வட்டாரத்தில் இன்று வாழும் இனங்களோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது சுலபம். ஆனால் விடையும் அவற்றில் ஒன்றாகவே வரும். பிறகு ‘இங்கே விலங்குகள் மாறவேயில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். வட அமெரிக்கப் புதைபடிவங்களில் இந்தச் சுற்றுவாதம் நடந்ததைக் கிறிஸ்டோபர் பெல் உள்ளிட்டோர் 2010இல் எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் முன்வைத்த மாற்று, ஒரு குழுவுக்கு மட்டுமே உரிய புதுப் பண்பு எலும்பில் தெரிந்தால்தான் அந்தப் பெயரைத் தருவது. இதில் பாதி எலும்புகள் ‘ஓணான் குடும்பம், பேரினம் தெரியவில்லை’ என்ற சீட்டோடு பெட்டிக்குள் போகும். எனக்கு அந்தச் சீட்டே போதும்.