பி.பி. மெஷின் வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

கரூரில் வீட்டு முன் அறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். என் மாமியாருக்கு 66 வயது. போன ஆடியில் எங்கள் தெருவில் நடந்த முகாமில் அவருக்கு பி.பி. 164/96 இருந்தது. டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, வீட்டில் ஒரு மெஷின் வாங்கி தினமும் பார்த்துக் குறித்து வரச் சொன்னார். அப்படி வாங்கியதில் ஒன்றுக்கு இரண்டு மெஷின் ஆகிவிட்டது. இது இரண்டாவதாக வாங்கியதைப் பற்றி. ஆனால் முதல் மெஷின் கதையைச் சொல்லாமல் இதன் அருமை புரியாது.

முதல் மெஷின் மெடிக்கல் கடையில் 1,450 ரூபாய். மாத்திரை போட்டும் எண் இறங்கவே இல்லை. 172, 176 என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் ராத்திரி 184/102. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் எதுவும் இல்லை, ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததுமே அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த நர்ஸ் அத்தையின் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து அகலமான பெல்ட் ஒன்றை எடுத்துச் சுற்றினார். 150/88. "இந்தக் கைக்குச் சின்ன பெல்ட் கட்டினா கூடத்தான் காட்டும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் அளவு நோட்டைப் புரட்டினேன். அத்தைக்கு ஜாக்கெட் தைப்பது நான்தான். கை லூஸ் 14 இன்ச் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து மறுபடி அளந்தேன்: 35 செ.மீ. மெஷினின் பெல்ட்டில் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருந்தது. நாள் முழுக்க மற்றவர்களுக்கு அளவெடுக்கிறேன், இதை அளக்கத் தோன்றவில்லையே என்று அன்று அழுதுவிட்டேன்.

விஷயம் இதுதான். பெல்ட்டுக்குள் இருக்கும் காற்றுப்பை கையை முழுசாகச் சுற்றி வராவிட்டால், ரத்தக் குழாயை அமுக்க அதற்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படுகிறது. அந்தக் கூடுதலையும் மெஷின் பி.பி. என்றே காட்டிவிடும். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று கடையில் திருப்பி எடுக்கவில்லை. பணம் போனது கூடப் பரவாயில்லை, "யாருக்குப் பார்க்கப் போறீங்க, கை பெருசா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டாவது மெஷின் 2,250 ரூபாய். பெல்ட் 22–42 செ.மீ. எந்த பிராண்டு என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். பிராண்டுக்கு முன்னால் பெட்டியில் இருக்கும் இந்த செ.மீ. எண்ணைப் பாருங்கள். மேல் கையில் கட்டும் மாடலே வாங்குங்கள். மணிக்கட்டு மாடலில் கை நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கீழே போனாலும் எண் மாறிவிடுகிறது.

ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறோம். எண்கள் பெரிதாக இருக்கின்றன, அத்தை கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். ஒரே பட்டன். இரண்டு பேருடைய கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது, அதனால் நானும் பார்த்துக்கொள்கிறேன். குறை என்றால், கரண்டில் போட அடாப்டர் தரவில்லை. நாலு பேட்டரி போட வேண்டும், பேட்டரி மாற்றினால் தேதி, நேரம் எல்லாம் அழிந்துவிடுகிறது. எண் கூடினால் பக்கத்தில் சிவப்புக் கோடு எரிகிறது. அதைப் பார்த்து அத்தை பயந்துகொண்டே அடுத்த தடவை உட்காருகிறார். அந்த இடத்தில் சின்னதாக வெள்ளைத் துணி டேப் ஒட்டிவிட்டேன்.

டாக்டர் சொன்ன முறையில்தான் பார்க்கிறோம். காலையில் மாத்திரைக்கும் காப்பிக்கும் முன்னால், பாத்ரூம் போய் வந்த பிறகு. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜை மேல், பெல்ட் நெஞ்சு உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. சாயங்காலமும் அதே போல. பேசக் கூடாது, அத்தைக்கு இதுதான் கஷ்டம், பெல்ட் இறுகும்போதுதான் பேரன் ஸ்கூலுக்குப் போனானா என்று கேட்பார்.

ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளுக்குச் சராசரி போட்டோம். 144/87. டாக்டர் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய எண்களை மட்டும் கொண்டு வந்திருந்தால் மாத்திரையை 10 ஆக ஏற்றியிருப்பேன் என்றார். ஆஸ்பத்திரியில் 140/90 தொட்டால் பி.பி. என்று கணக்கு, வீட்டில் பார்க்கும்போது 135/85 தொட்டாலே கணக்கு என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆக, அத்தைக்கு பி.பி. இருப்பது உண்மைதான், பயந்த அளவுக்கு இல்லை. மாத்திரை அதே 5. நார்த்தங்காய் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றையும் குறைத்தோம். ஊறுகாயைக் குறைக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு மாதம் கழித்துச் சராசரி 131/80.

ஒன்று மட்டும். எண் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது என்னிடம் ஜாக்கெட் தைக்க வருபவர்களில் யாராவது பி.பி. மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னால், டேப்பைத் திருப்பி செ.மீ. பக்கத்தில் கையை அளந்து பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். கடையில் அந்தச் சீட்டைக் காட்டிப் பெல்ட் கேளுங்கள்.